ஹைதர் அலி உயிரைப் பறித்த முதுகு நோய்: திண்டுக்கல் கோட்டையை ஆண்டவருக்கு என்ன ஆச்சு? டிஸ்க் பிரச்னைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் போனவங்க யாரும் அந்தப் பாறையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஊருக்கு நடுவில் திண்டு போல உட்கார்ந்திருக்கும் மொட்டைக் கல். அதன் தலையில் ஒரு கோட்டை. படியேறிப் போய்விட்டு இறங்கும்போது பாதிப்பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் இறங்குவாங்க. கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். டிஸ்க் இருக்கு.

முதுகு வலி என்றாலே இப்போ எல்லோருக்கும் டிஸ்க்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனால் 270 வருஷத்துக்கு முன்னால் இந்தக் கோட்டையில் இருந்து ஆட்சி செய்த ஒருவர், பின்னாளில் ஆங்கிலேயரை மெட்ராஸ் வாசல் வரை விரட்டியவர், கடைசியில் முதுகில் வந்த நோயால்தான் செத்துப் போனார். அவர் ஹைதர் அலி. அவருக்கு வந்தது டிஸ்க் இல்லை. அப்படின்னா என்ன? இன்னைக்கு அது நமக்கு வந்தால் கண்டுபிடிப்போமா?

யார் இந்த ஹைதர்?

ஹைதர் அலி பிறந்தது கோலார் பக்கத்தில் உள்ள பூதிக்கோட்டை. வருஷம் 1720-க்கும் 1722-க்கும் இடையில் என்று வெவ்வேறு கணக்கு உண்டு. அப்பா ஃபத் முகமது ஒரு படைத்தலைவர். மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் போரில் இறந்துவிட்டார். அப்பா வைத்த கடனுக்காக ஹைதரையும் அவர் அண்ணனையும் பிடித்து, முரசுக்குள் அடைத்துவைத்து மேலே அடித்துக் கொடுமைப்படுத்தினார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிற்காலத்தில் அவர் யாரையும் லேசில் நம்பாததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞாபக சக்தி பயங்கரம். ஒரே நேரத்தில் பல பேர் சொல்வதைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உத்தரவு போடுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில்தான் மைசூர் தளவாய் நஞ்சராஜாவின் கண்ணில் பட்டார். அடுத்து திருச்சி. மைசூர் படை திருச்சியைச் சுற்றி சில வருஷம் கிடந்தது. பிரெஞ்சுக்காரங்க, ஆங்கிலேயருங்க எப்படி வரிசை கட்டி நிற்கிறாங்க, பீரங்கியை எப்படிக் கையாளுறாங்க என்று ஹைதர் கிட்ட இருந்து பார்த்தது அங்கேதான்.

திண்டுக்கல்லில் என்ன செய்தார்?

திண்டுக்கல் பாறை மேல் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தது மதுரை நாயக்கர்கள், 1605 வாக்கில். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அது மைசூர் கைக்குப் போனது. ஆனால் சுற்றியுள்ள பாளையக்காரர்கள் கப்பம் கட்ட மறுத்தார்கள். அவர்களை அடக்கத்தான் 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல் பவுஜ்தாராக அனுப்பப்பட்டார். பவுஜ்தார் என்றால் படையும் வரி வசூலும் ஒரே கையில் இருக்கிற பதவி.

பழனி, விருப்பாச்சி பக்கத்துப் பாளையங்களை ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்தார். வசூலான பணத்தை வீணாக்கவில்லை. பிரெஞ்சுத் தொழில்நுட்ப ஆட்களை வரவழைத்து திண்டுக்கல்லிலேயே ஆயுதசாலை அமைத்தார், பீரங்கிப் படையைப் பழக்கினார். பிற்காலத்தில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த மைசூர் பீரங்கிப் படைக்கு நாற்றங்கால் இந்த ஊர் என்று சொன்னால் மிகையில்லை. 1757-ல் இங்கே இருந்து கிளம்பி மதுரை மீதும் கைவைத்தார். ஆனால் நத்தம் கணவாய் பக்கத்தில் யூசுப் கான், அதாவது நம்ம மருதநாயகம், அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார்.

திண்டுக்கல் காலத்து விஷயம் ஒன்று, கொஞ்சம் வேடிக்கையானது. மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய மைசூர் வரலாற்றில் வருகிறது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர் அரசு தனிப் பணம் கொடுக்கும். ஒரு சண்டையில் ஹைதரின் ஆட்களில் உண்மையில் அடிபட்டவர்கள் சில பத்து பேர்தான். ஆனால் கணக்குப் பார்க்க அதிகாரி வந்தபோது, மஞ்சளில் நனைத்த துணியைக் கை காலில் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்களாம். பணமும் வந்துவிட்டது. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர் கண்டே ராவ். எதிரி தரப்பு ஆள் எழுதியது என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது புரிகிறது.

இந்த திண்டுக்கல் பணமும் படையும்தான் அவருடைய முதலீடு. 1761-ல் மைசூர் மொத்தமும் அவர் கைக்கு வந்துவிட்டது. மன்னர் பெயருக்கு இருந்தார், நடத்தியது ஹைதர். பழைய தோழன் கண்டே ராவ் எதிராகத் திரும்பி, தோற்று, சிறைக்குப் போனார்.

ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணம் போன பிறகும் திண்டுக்கல் தொடர்பு விடவில்லை. 1772-ல் காளையார்கோவிலில் முத்து வடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது விருப்பாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும்தான். ஹைதர் அவருக்குப் படை உதவி கொடுத்தார். 1780-ல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். திண்டுக்கல் பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்ததும் ஹைதர் குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிஷா பேகம் அங்கே அடக்கம் செய்யப்பட்டதால்தான். பிரசவத்தில் இறந்துபோனவர் அவர்.

60 வயதில் குதிரை மேல்

1769-ல் ஹைதர் மெட்ராஸ் வாசலுக்கே வந்து நின்றபோது கம்பெனிக்காரர்கள் அவர் சொன்னபடி சமாதானத்துக்கு இறங்கி வந்தார்கள். பிறகு அவர்கள் பேச்சை மீறியதும், 1780-ல் பெரும் படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10, 1780. காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அப்பனும் மகனும் சேர்ந்து நொறுக்கினார்கள். அந்த வருஷமே ஆற்காடும் விழுந்தது.

அடுத்த வருஷம் காற்று திரும்பியது. ஜெனரல் அயர் கூட் வந்தார். 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையிலும், செப்டம்பரில் சோளிங்கரிலும் ஹைதர் தோற்றார். தோற்றாலும் ஓடவில்லை. ஒரு ஊரில் தோற்றால் இன்னொரு ஊரில் முளைப்பார். அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 60. வெயில், மழை, கூடாரம், குதிரை. இதுதான் அவருடைய தினசரி வாழ்க்கை.

இப்படி வருஷக்கணக்கில் குதிரை மேல் இருந்த ஆளுக்கு இடுப்பு வலி வராமலா இருந்திருக்கும் என்று தோணும். இருந்திருக்கலாம். ஆனால் 1782 நவம்பரில் வந்தது வேறு ரகம்.

முதுகில் ஒரு கட்டி

1782 நவம்பரில் ஹைதரின் முதுகில் ஒரு கட்டி கிளம்பியது. முதலில் சாதாரணக் கொப்புளம் என்றே நினைத்திருக்க வேண்டும். இந்து வைத்தியர்கள், முஸ்லிம் ஹக்கீம்கள், பிரெஞ்சு மருத்துவர்கள் என்று மூன்று தரப்பும் பார்த்தும் அடங்கவில்லை. டிசம்பர் 7, 1782 அன்று சித்தூர் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டை முகாமில் உயிர் போனது. கட்டி தெரிந்ததில் இருந்து மரணம் வரை சில வாரங்கள்தான்.

சில புத்தகங்களில் முதுகில் புற்றுநோய் என்று எழுதியிருப்பார்கள். நோய் இவ்வளவு வேகமாகப் போனதைப் பார்த்தால் புற்றுநோயைவிட, நம்ம ஊரில் ராஜபிளவை என்று சொல்வோமே, அதுதான் பொருத்தமாக இருக்கிறது. பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்.

சரி, ராஜபிளவைன்னா என்ன?

தோலில் முடி முளைக்கிற குழிக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் அது கொப்புளம். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் பல ஒன்றாகச் சீழ் பிடித்து, தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று இணைந்துவிட்டால் அது பிளவை. மேலே பார்த்தால் சல்லடை மாதிரி பல கண் இருக்கும், ஒவ்வொரு கண்ணிலும் சீழ் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. பிடரியிலும் முதுகிலும் தோல் தடிமன். சீழ் வெளியே உடைத்துக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே பக்கவாட்டில் பரவும். அதனால்தான் அந்த இடங்களில் பிளவை அதிகம்.

கட்டி மட்டும் இருந்தால் ஆள் சாக மாட்டார். கிருமி ரத்தத்தில் கலந்தால்தான் ஆபத்து. காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயல் இழப்பது. ஹைதருக்கும் முடிவு இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

யாருக்கு இது அதிகம் வரும்? சர்க்கரை நோயாளிகளுக்கு. ஹைதருக்குச் சர்க்கரை இருந்ததா என்று இப்போ யாராலும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் இன்று முதுகில் பிளவையோடு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு மருத்துவர் முதலில் எழுதிக் கொடுக்கும் டெஸ்ட்களில் சர்க்கரை கட்டாயம் இருக்கும். பிளவை வந்த பிறகுதான் தனக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது என்பவர்களும் உண்டு.

அப்போ டிஸ்க் என்பது எது?

நம்ம முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றுக்கு இடையே ஜவ்வு மாதிரி மெத்தைகள், மொத்தம் 23. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்க. வெளியே கெட்டியான மாவு, உள்ளே பூரணம். டிஸ்க்கும் அப்படித்தான். வெளியே பல அடுக்கு நார் வளையம், உள்ளே கூழ் மாதிரி ஒரு பொருள். வயசாலோ, தப்பாகக் குனிந்து பாரம் தூக்குவதாலோ, பல வருஷம் ஒரே மாதிரி உட்கார்வதாலோ வெளி வளையத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாக உள்ளே இருப்பது பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் நரம்பு இருந்தால் அதை அழுத்தும், உறுத்தும்.

ஆக, டிஸ்க் விலகிப் போச்சு, ஜவ்வு நகர்ந்துடுச்சு என்று சொல்வதே தப்பான வார்த்தை. அது எங்கேயும் நகர்வதில்லை. அதனால் யாரோ ஒருவர் முதுகில் முட்டி போட்டு அமுக்கி அதை உள்ளே தள்ளிவிடவும் முடியாது.

இந்த விஷயம் மருத்துவ உலகத்துக்கே தெளிவாகத் தெரிந்தது 1934-ல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள், காலுக்கு இறங்கும் வலிக்குப் பல நேரம் பிதுங்கிய டிஸ்க்தான் காரணம் என்று எழுதினார்கள். ஹைதர் இறந்து 152 வருஷம் கழித்து. அதனால் அவர் காலத்தில் ஒரு படைவீரனுக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தாலும், வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

டிஸ்க் வலிக்கு ஒரு அடையாளம் உண்டு. பெரும்பாலும் அடி முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்கில்தான் பிரச்னை வரும். வலி இடுப்பில் நிற்காமல் புட்டம், தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வரை கம்பி இழுத்த மாதிரி இறங்கும். இருமினால், தும்மினால் சுள்ளென்று ஏறும். பாதத்தில் மரத்துப் போகும். காய்ச்சல் வராது. தோலில் எதுவும் தெரியாது.

பயப்படவும் வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்தில் இருந்து மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. இன்னொன்று, வலியே இல்லாத ஆட்களுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தாலும் நிறையப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். ஸ்கேனில் இருக்கிறது என்பதற்காக வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லாம் டிஸ்க் என்று விட்டால் என்ன ஆகும்?

திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில் முதுகு வலி இல்லாத தொழில் குறைவு. பூட்டுப் பட்டறையில் குனிந்து அரம் போடுபவர், சின்னாளபட்டியில் தறிக்குழியில் கால் விட்டு நாள் முழுக்க உட்காருபவர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குபவர். இவர்களுக்கெல்லாம் முதுகு வலி வேலையின் ஒரு பகுதி. வலி வந்தால் தைலம், அதுக்கும் அடங்கலைன்னா மெடிக்கலில் இரண்டு மாத்திரை, பிறகு நீவி விடுவது. பெரும்பாலான நேரம் அதோடு சரியாகியும் போகும். அதனால்தான் மீதி நேரத்தில் ஏமாந்து போகிறோம்.

ஏனென்றால் பிளவை தோலில் தெரியும், கிருமி முதுகெலும்புக்குள்ளேயே போய் உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தோல் கட்டியில் இருந்தோ வேறு எங்கிருந்தோ ரத்தம் வழியாகப் போன கிருமி, எலும்பிலும் டிஸ்க்கிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சீழ் கட்டலாம். வெளியே இருந்து பார்த்தால் வெறும் முதுகு வலிதான். சில நாளில் கால் செயல் இழந்துவிடும். நம்ம நாட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறது, முதுகெலும்புக் காசநோய். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் அதைப் பற்றி எழுதியது 1779-ல், ஹைதர் உயிரோடு இருந்த காலத்திலேயே. ஆனால் காரணம் காசநோய்க் கிருமி என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதனால் சில அறிகுறிகளைத் தனியாக ஞாபகம் வைக்கணும். முதுகு வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால் அது சாதாரண டிஸ்க் இல்லை. படுத்தாலும் குறையாத, ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி, காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், இதெல்லாம் உடனே பார்க்க வேண்டியவை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இதில் இரட்டைக் கவனம் வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப் போவது, கால் பலம் இழப்பது என்றால், அது டிஸ்க்கோ சீழோ எதுவானாலும் அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடலாம், திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

முதுகில் கட்டி இருந்தால் அமுக்காதீங்க, பிதுக்காதீங்க. அதன் மேல் எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம், கிருமி ஆழத்துக்குப் போகும். பேர் தெரியாத வலி மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் மோசம். வலியும் வீக்கமும் அடங்கின மாதிரி காட்டும், உள்ளே சீழ் வளரும், சர்க்கரையும் ஏறும். இன்றைக்குப் பிளவைக்குச் சிகிச்சை ரொம்ப சிக்கலானது இல்லை. கீறிச் சீழை எடுப்பாங்க, ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவாங்க. நேரத்தில் போனால் போதும். ஹைதருக்கு இதில் முதல் ஒன்றுதான் கிடைத்திருக்க முடியும். இன்சுலின் முதன்முதலாக ஒரு மனிதனுக்குப் போடப்பட்டது 1922-ல். பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928, அது நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைத்தது 1940-களில்.

மரணத்தை மறைத்த கதை

ஹைதர் இறந்தபோது மகன் திப்பு பக்கத்தில் இல்லை. மலபார் கரையில் பொன்னானி பக்கம் ஆங்கிலேயரோடு சண்டையில் இருந்தார். தலைவர் போய்விட்டார் என்று தெரிந்தால் அத்தனை பெரிய படை கலைந்துவிடும், ஆங்கிலேயர் பாய்ந்துவிடுவார்கள். அதனால் பூர்ணய்யாவும் கிருஷ்ண ராவும் விஷயத்தை வெளியே விடவில்லை. உடலை ஒரு பெட்டியில் வைத்து, கஜானா பெட்டி போல ராத்திரியோடு ராத்திரியாகக் கோலாருக்கு அனுப்பினார்கள். முகாமில் எப்போதும் போல உத்தரவுகள் போய்க்கொண்டிருந்தன. ஹைதருக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்க மாட்டார் என்று மட்டும் சொன்னார்கள். ஹைதரின் இன்னொரு மகனை அரியணையில் ஏற்றலாம் என்று உறவுக்காரர் ஒருவர் போட்ட திட்டமும் இடையில் கண்டுபிடிக்கப்பட்டது. கடிதம் கிடைத்த திப்பு அவசரமாகக் கிளம்பி வந்து சேரும் வரை ஆங்கிலேயருக்கு அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்த முடியவில்லை.

முதலில் குடும்பக் கல்லறை இருந்த கோலாரில் வைக்கப்பட்ட உடல், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு கும்பஸில் அடக்கம் செய்யப்பட்டது. 1799-ல் திப்புவும் அதே கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தார். திண்டுக்கல் கோட்டை அதற்கு முன்பே, 1790-ல் ஆங்கிலேயர் பீரங்கிக்கு விழுந்து, 1792 ஒப்பந்தத்தில் நிரந்தரமாகக் கைமாறியது. இப்போது தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. டிக்கெட் எடுத்து ஏறினால் பீரங்கி வைத்த இடங்களை இன்னும் பார்க்கலாம்.